அவர் வாழாத வருடம்

ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. உடனே ஆகா என்று வாயைப் பிளக்க வேண்டாம். முப்பத்தோரு வருடமாக நான் மொழிபெயர்த்ததில் முக்கால்வாசி கொதிகலன் கையேடுகளும் உதிரிபாகப் பட்டியல்களும்தான். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், மூன்று மேசைகளும் ஒரு நகல் எந்திரமும் உள்ள அறை எங்கள் அலுவலகம். நகல் எந்திரம் ஓடினால் அறை சூடாகிவிடும். அதை நிறுத்தினால் முதலாளி சூடாகிவிடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் காற்புள்ளி. எந்தத் தாளைக் கொடுத்தாலும் அவர் கண் முதலில் அதைத்தான் தேடும்.

இந்த வேலையில் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைப்பது ஒன்றே ஒன்று. வருடம். ஆங்கிலத்தில் வருடம் என்றால் ஓர் எண். அது பாட்டுக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டு போகும், யார் பிறந்தால் என்ன, யார் போனால் என்ன. ஜப்பானியக் காகிதங்களில் வருடத்துக்கு ஒரு பெயர் இருக்கும். ஒரு பேரரசர் அரியணை ஏறினால் அந்தக் காலத்துக்குப் பெயர் சூட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். அவர் காலம் முடிந்தால் எண்ணிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மறுநாள் புதுப் பெயர், மறுபடியும் ஒன்று. டிசம்பர் முடியட்டுமே என்று காத்திருப்பதெல்லாம் கிடையாது.

ஷோவா என்ற காலத்தின் அறுபத்து நாலாம் வருடம் ஏழே நாள்தான் இருந்தது. ஜனவரி ஏழு, சனிக்கிழமை காலை, பேரரசர் கண்ணை மூடினார். ஞாயிறு பிறந்தபோது அது ஹெய்செய் காலத்தின் முதல் வருடம். ஆங்கில நாட்காட்டிக்கு இரண்டும் ஒரே 1989. பிறந்து ஏழு நாளில் போய்விட்ட ஒரு வருடம்! பன்னிரண்டு கோடிப் பேர் சனிக்கிழமை ஒரு வருடத்தில் தூங்கப் போய், ஞாயிற்றுக்கிழமை வேறொரு வருடத்தில் எழுந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறியும். இதே விஷயத்தில்தான் நான் என் வாழ்நாளின் மோசமான தவறையும் செய்தேன். அது என்ன செய்தது என்று தெரியாமலே முப்பத்தோரு வருடம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். நாற்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிற ஒரு பெண் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். புடவையில் அங்கங்கே நூல் பிசிறு.

"அக்கா, இது கொஞ்சம் அவசரம். வெளிநாட்டுல தையல் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. அப்பாவோட இறப்புச் சான்று இங்கிலீஷ்ல கேக்கறாங்க. பழசு ஒண்ணு இருக்கு, அதுல முத்திரை இல்லையாம். செல்லாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"உக்காரும்மா. தண்ணி குடி. அப்பா ஜப்பான்லயா இருந்தார்?"

நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவள் கொட்டிவிட்டாள்.

"கப்பல்ல எலக்ட்ரீஷியன். அங்க ஒரு துறைமுகத்துல காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேத்தாங்க. நிமோனியா. எனக்கு அப்ப நாலு வயசு. ஜனவரி ஆறாம் தேதி கடைசியா ஒரு லெட்டர் போட்டார். காய்ச்சல் குறைஞ்சிருக்கு, ரெண்டு வாரத்துல வந்துடுவேன்னு. அவ்வளவுதான் அக்கா. அதுக்கப்புறம் ஒரு வரி கிடையாது. அனுப்பி வெச்ச ஏஜென்ட்டும் கடையை மூடிட்டு ஓடிட்டான். அம்மா அந்த வருஷம் பூரா வாரம் ஒரு லெட்டர் ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுதியிருக்காங்க. பதிலே வரலை. நாலு வருஷம் கழிச்சு, தூதரகத்துலேர்ந்து இந்தத் தாளும் ஒரு கைக்கடிகாரமும் வந்துது. தெரிஞ்சவர் ஒருத்தர் தாளை இங்கிலீஷ்ல மாத்தி வாங்கிக் குடுத்தாராம்."

"அடப் பாவமே."

"பாவம்லாம் இல்ல. அந்த மனுஷன் லெட்டர் போட்டதுக்கு அப்புறம் ஒரு வருஷம் உயிரோட இருந்திருக்கார். முழுசா ஒரு வருஷம்! இங்க அம்மா தபால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஓடியிருக்காங்க. அங்க அவருக்குப் பேனா பிடிக்க நேரமில்ல. எங்க வீட்டுல அவர் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா அன்னிக்கு அம்மா சாப்பிட மாட்டாங்க."

சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டு. இறப்புச் சான்று. கூடவே மஞ்சள் பூத்துப்போன பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு, தட்டச்சில் அடித்தது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மற்றவர்களுடைய மொழிபெயர்ப்பு கையில் கிடைத்தால் முதலில் குறை கண்டுபிடித்து ஒரு முறை சிரித்துக்கொள்வேன். அந்த ஆவலோடுதான் எடுத்துப் படித்தேன். சேர்த்தது 1988 டிசம்பர் 28. இறந்தது 1990 ஜனவரி 9. மூலத்திலோ ஹெய்செய் முதல் வருடம், அதாவது 1989. எந்த முட்டாள் இதைச் செய்தது என்று அடியில் கையெழுத்தைப் பார்த்தேன்.

என் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த, வால் நீண்ட, அலட்டலான கையெழுத்து.

அவள் ஏதோ கேட்டாள், எனக்குக் காதில் விழவில்லை. இரண்டு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினேன். பக்கத்தில் துணிக்கடை இருக்கிறது, நூல் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

அந்தத் தவறு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதில் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டேன். இடது பக்கம் ஜப்பானிய வருடம், வலது பக்கம் ஆங்கில வருடம். ஒரு வரிசைக்கு ஒரு வருடம். ஷோவா 63, 1988. ஷோவா 64, 1989. ஒரு பெயர் முடிந்தது, அடுத்த பெயரை அடுத்த வரிசையில்தானே எழுத வேண்டும்? ஹெய்செய் 1, 1990. கோணலில்லாத கோடுகள், முத்துமுத்தான எழுத்து. ஒரே வரிசைக்குள் இரண்டு வருடங்கள் உட்கார்ந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. அட்டவணையைச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்து அடித்துத் தள்ளினேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு கொதிகலனின் வயதில் ஏதோ இடிக்கிறதே என்று காற்புள்ளிதான் பிழையைக் கண்டுபிடித்தார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, வெள்ளை மை தடவி, அட்டவணையைத் திருத்தினேன். அதற்குள் வெளியே போன தாள்கள்? நாலைந்து இருக்கும், போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். எல்லாம் எந்திரங்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன். எந்திரங்களுக்கு நடுவே ஒரு மனிதன் இருந்திருக்கிறான். அவன் பெயர்கூட எனக்கு நினைவில்லை, ஏனென்றால் நான் அப்போது தாளைப் பார்த்தேனே தவிர யாருடைய தாள் என்று பார்க்கவில்லை.

இப்போது மூலத்தை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். சான்றிதழ்ப் படிவத்தில் தேதிக்கான இடத்தில் ஷோவா என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. அறுபது வருடத்துக்கும் மேலாக ஒரே பெயர், அச்சடிக்காமல் என்ன செய்வார்கள்? அந்த ஷோவாவின் மேல் யாரோ ஸ்கேல் வைத்து இரண்டு கோடுகள் கிழித்திருந்தார்கள். அடித்ததற்குச் சாட்சியாக, உளுந்து அளவுக்கு ஒரு சிவப்பு முத்திரை. மேலே பேனாவால் ஹெய்செய் என்று எழுதி, பக்கத்தில் முதல் வருடம், ஜனவரி, ஒன்பது.

நாட்காட்டியைப் பார்த்தேன். திங்கட்கிழமை. சனிக்கிழமை பழைய காலம் முடிந்தது, ஞாயிறு விடுமுறை. புதுக் காலத்தின் முதல் வேலைநாள் அது! புதுப் படிவம் அச்சாகியிருக்கவில்லை. ஒருவேளை அந்த எழுத்தர் ஹெய்செய் என்று தன் கையால் எழுதியதே அதுதான் முதல் முறையோ என்னவோ. எழுத்து அவ்வளவு கவனமாக, ஒவ்வொரு கோடாக நிறுத்தி எழுதப்பட்டிருந்தது. ஒரு பேரரசரோடு சேர்ந்து ஒரு யுகம் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. அந்தத் தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ ஒரு கப்பல் எலக்ட்ரீஷியனுக்காக ஒருவர் உட்கார்ந்து, ஒரு சகாப்தத்தை ஸ்கேல் வைத்து அடித்துத் திருத்தியிருக்கிறார். அவர் அவ்வளவு மரியாதையாகச் செய்ததை நான் ஒரு நிமிஷத்தில் பாழாக்கினேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மனிதர் இருந்தது பன்னிரண்டு நாள். வீட்டுக்குக் கடிதம் எழுதிய மூன்றாம் நாள் போய்விட்டார். மிச்சம் ஒரு வருடம் நான் போட்டது. கடவுளுக்குக் கூட முடியாத காரியம் அது, செத்த மனிதனை ஒரு வருடம் உயிரோடு வைத்திருப்பது. அந்த வருடம் முழுக்க அவர் ஜப்பானில் ஏதோ ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு, பெண்டாட்டியின் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு, பதில் போடாமல் இருந்தார்.

காற்புள்ளியிடம் சொன்னேன். மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் பார்த்தார்.

"இப்ப சரியா அடிச்சு முத்திரை போட்டுக் குடும்மா. பழசைத் திருப்பி வாங்கிக் கிழிச்சுப் போட்டுடு. அவங்க எங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"பாக்கலைன்னா சரியாப் போச்சா சார்?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சா நம்ம முத்திரைய எவன் மதிப்பான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவங்க வீட்டுல அந்த வருஷம் இன்னும் முடியலை சார்."

"எந்த வருஷம்?"

"நான் போட்டது."

அவர் தாள்களை என்னிடம் திருப்பித் தந்தார். நான் பெரிய நியாயவாதி போலப் பேசிவிட்டேனே தவிர, உள்ளே அவர் சொன்னதைக் கேட்டுவிடலாமா என்று இரண்டு மணி வரைக்கும் ஊசலாடிக்கொண்டுதான் இருந்தேன். சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வாள்? சொல்லாவிட்டால் அந்த ஆள் சாகும் வரை, இல்லை, அந்த அம்மாள் சாகும் வரை துரோகியாகவே இருப்பார். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டதும் மனசு ஒரு பக்கமாக நின்றுவிட்டது. அவள் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே கேட்டாள். அளவு நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்.

"அப்ப அப்பா ஏமாத்தலையா?"

"இல்லம்மா. நான்தான் தப்புப் பண்ணினேன்."

என்னை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவளோ உறையை எடுத்துக்கொண்டு, "அம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா, அப்பாவுக்கு வக்காலத்து வாங்கறேன்னு அடிக்க வருவாங்க" என்றாள்.

அவர்கள் வீடு முன்னும் பின்னுமாக இரண்டு அறை. முன்னறையில் இரண்டு தையல் எந்திரங்கள், ஓரத்தில் வெட்டிய துணி மூட்டைகள், சுவரில் பழுப்புத் தாளில் வெட்டிய கை, கழுத்து மாதிரிகள் ஆணியில் தொங்கின. ஜன்னலோரம் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். ஊசியில் நூல் கோக்கும்போதுகூடக் கண்ணைச் சுருக்காத பார்வை.

"யாருடி இது? அளவு குடுக்க வந்தவங்களா?"

"இல்லம்மா. அப்பாவோட தாள் விஷயமா வந்திருக்காங்க."

"அதுக்கு எதுக்கு வீட்டுக்கு வரணும்?" என்று மறுபடி பொத்தானுக்குத் திரும்பினார்.

நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஏழு நாள் வருடத்திலிருந்து ஆரம்பித்து என் அட்டவணை வரை எல்லாவற்றையும் சொன்னேன். சான்றிதழைக் காட்டி அந்த இரண்டு கோடுகளையும் சிவப்பு முத்திரையையும் விளக்கினேன். அவர் ஊசியை நிறுத்தவேயில்லை. முதல் சட்டை முடிந்து இரண்டாவதை எடுத்தார். நான் பேசி முடித்த பிறகும் இரண்டு பொத்தான்கள் தைத்தார். பிறகு சட்டையை மடியில் வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"ஆறு. ஏழு. எட்டு. ஒம்போது."

"ஆமாம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அந்தக் கடுதாசி என் கைக்கு வந்து சேந்தது பதினெட்டாம் தேதி. அன்னிக்கு ராப்பகலா உக்காந்து இவளுக்குப் புதுச் சட்டை தெச்சேன். அப்பா வராருன்னு." அவர் சான்றிதழைக் கையில் வாங்கவில்லை, எட்டியிருந்தே பார்த்தார். "அப்ப அவர் போய் ஒம்போது நாள் ஆயிருக்கு."

நான் தலையாட்டினேன். அவர் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார்.

"உனக்கு என்ன வயசும்மா அப்ப?"

"இருபத்திரண்டு."

"எனக்கு முப்பது. முப்பத்தோரு வருஷமா அந்த ஆளை எதிர நிக்க வெச்சுத் திட்டிக்கிட்டிருக்கேன். கொழம்புல உப்புக் கூடினாக்கூட அவரைத்தான் திட்டுவேன். இப்ப வந்து, அவர் அங்க நிக்கவே இல்லைங்கற."

"மன்னிச்சுடுங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? கேட்கும்போதே அந்த வார்த்தை எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மகளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மடியிலிருந்த சட்டையின் பொத்தானைத் திருகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அப்ப, டிசம்பர்ல போட்ட கடுதாசி?"

"எதும்மா?"

"அந்த வருஷம் டிசம்பர். இருபதாம் தேதி. பொறுக்க முடியாமப் போச்சு எனக்கு. எப்பவும் நீங்க, வாங்கன்னுதான் எழுதுவேன். அதுல மட்டும் நீ, வாடான்னு எழுதினேன். நீ அங்கயே செத்துப் போ, செத்தாலும் உனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன்னு." "இங்கேர்ந்து போய்ச் சேரப் பன்னெண்டு நாள் ஆகும். ஜனவரி மொத வாரம். நீ குடுத்த தாள்ல ஜனவரி ஒம்போதுன்னு இருந்துது. கணக்குப் போட்டுப் பாத்தேன். அதைப் படிச்சுட்டுத்தான் போயிருக்கார்னு நெனச்சேன்."

மகள் அப்படியே எந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இது தெரியாது. யாருக்குமே தெரியாது. அப்பா பேச்சை எடுத்தால் அம்மா சாப்பிடாமல் இருந்தது கோபத்தால் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புருஷனைக் கொன்றுவிட்டதாக எண்ணிக்கொண்டு இந்தப் பெண்மணி முப்பத்தோரு வருடம் பொத்தான் தைத்திருக்கிறார். அப்படி எண்ண வைத்தது நான் ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு கட்டம். ஒரு எண்ணுக்கு இவ்வளவு பலம் உண்டா?

"அவர் படிக்கலையா?"

"படிக்கலைம்மா. நீங்க எழுதும்போது அவர் போய்ப் பதினொரு மாசம் ஆயிடுச்சு."

"வேற யாராவது படிச்சிருப்பாங்களா?"

"அங்க தமிழ் யாருக்குத் தெரியும்? உறையைக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க."

"நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

"நிச்சயமாத் தெரியும்."

"மொத தடவையும் நிச்சயமாத்தான் எழுதியிருப்ப." நான் தலை குனிந்தேன். "எழுதிக் குடு. தமிழ்ல. நான் படிக்கற மாதிரி. கீழ கையெழுத்துப் போடு."

மகள் பழுப்புத் தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். துணியில் குறி போடும் சாக்குக்கட்டியோடு கிடந்த பேனாவை எடுத்துக்கொண்டு, எந்திரத்தின் பலகையில் தாளை வைத்து எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் எந்த வாக்கியத்தையும் நான் இவ்வளவு பயந்து எழுதியதில்லை. அவர் பெயர், அவர் தந்தையின் பெயர், தொழில். 1989 ஜனவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை இறந்தார். பேனா நின்றது. கடைசி வரியை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், ஆனாலும் எழுதினேன்: அதற்குப் பிறகு அவர் மனைவி எழுதிய எந்தக் கடிதத்தையும் அவர் படிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடுகள் அசைய, எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரியை மறுபடி படித்தார். மூன்றாம் முறை படிக்கும்போது குரல் உடைந்தது. தாளை மார்போடு வைத்து அழுத்திக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு, சற்று முன்புதான் யாரோ வந்து செய்தி சொன்னதைப் போல, முப்பது வயதுப் பெண்ணின் குரலில் அழுதார். மகள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "அம்மா, போதும்மா, உடம்புக்கு ஆகாது" என்றாள்.

அவர் மகளின் கையைத் தள்ளிவிட்டார்.

"விடுடி. அந்த மனுஷனுக்காக நான் இன்னும் அழவே இல்ல."